நிகர எடை

தால்விக் துறைமுகத்தில்
எடை போடுகிறவள் நான்.
அரசாங்க முத்திரை ஒன்றும்
ஆண்டு முழுக்க ஜலதோஷமும் உண்டு எனக்கு.
எந்தப் படகானாலும்
தொட்டி என் தராசில் ஏறாமல்
மீனுக்கு விலை கிடையாது.

காட் மீனோடு பனிக்கட்டியும் வரும்.
பனியைக் கழித்து, தொட்டியைக் கழித்து
மிச்சத்தை எழுதுவேன்.
கழிவில் ஒரு கிலோ விட்டுத்தர மாட்டாள்
இந்த ஹால்பெரா என்று
காதுபடவே சொல்வார்கள்.
அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை.

ஜனவரி.
பதினொரு மணிக்குத்தான் விடியும்.
மேசையில் கைபேசி.
தெற்கே எரிமலை, நேரலையில்.
அதன் கீழே
நீச்சல்குளக் கட்டணத்துக்கு ஒரு சண்டை.
அதன் கீழே யாரோ ஒருவன்
எந்த ஊரிலோ
கம்பளம் துவைத்துக்கொண்டிருந்தான்.
அழுக்குநீர் போகப் போகப்
பூ தெரியும் என்று காத்திருந்தேன்.

பியார்த்மார் வந்தான்.
தொட்டியை ஏற்றினான்.
ஏதோ சொன்னான்.
"ம்" என்றேன்.
போகாமல் நின்றான்.
"அடுத்த தொட்டி" என்றேன்.

இரவு கைபேசி சொன்னது:
பியார்த்மாருக்குப் பெண் குழந்தை.
அவன் கடலில் இருந்தபோதே பிறந்துவிட்டதாம்.
நூற்றுப் பன்னிரண்டு பேர் இதயம் இட்டிருந்தார்கள்.
நூற்றுப் பதிமூன்றாவது என்னுடையது.
கட்டைவிரலை எடுத்த பிறகுதான்
காலையிலிருந்து காதில் மிதந்த சொற்கள்
கரை ஒதுங்கின:

"மூன்று கிலோ எண்ணூற்று நாற்பது, ஹால்பெரா.
பனி நீங்கலாக."

எனக்கென்றே செய்த பகடி.
ஊரில் வேறு யாரிடமும் செல்லாத காசு.
கரையிறங்கி அவன் பார்த்த முதல் முகம்
என்னுடையது.
முகம் எங்கே,
உச்சி வகிட்டைத்தான் பார்த்திருப்பான்.

தூக்கம் வரவில்லை.
எடைச்சீட்டுப் புத்தகத்தை எடுத்தேன்.
மொத்தம், கழிவு, நிகரம்:
கட்டங்கள் தயாராகவே இருந்தன.

எரிமலை, இரண்டு மணி நேரம்.
முதல் ஐந்து நிமிடம் மீன். பிறகு புகை.
நீச்சல்குளச் சண்டை, நாற்பது நிமிடம்.
இடுப்பு வலி வந்ததிலிருந்து
அந்தக் குளத்தில் நான் இறங்கியதே இல்லை.
கம்பளம், பதினேழு நிமிடம்.
பூ தெரிந்ததா, நினைவில்லை.
வானொலியில் இறந்தவர் பெயர்கள், ஆறு நிமிடம்.
இருவரைத் தெரியும். கழிவு இல்லை.
கடல் வானிலை. கழிவு இல்லை.
அக்கா அனுப்பிய குரல், நாற்பது வினாடி.
பாதி அவள் வீட்டுக் கெட்டில் கொதிக்கிற சத்தம்.
அதையும் மீன் என்றே எழுதினேன்.

தூரத்துப் போர், ஒன்றேகால் மணி நேரம்.
இங்கே பேனா நின்றது.
நான் பார்த்ததால்
அங்கே யாருக்கும் ஒரு வாய் ரொட்டி கிடைக்கவில்லை.
பாராமல் இருந்திருந்தால்
நான் என்ன மனுஷி.
அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டேன்.
இன்றும் வெறுமைதான்.

கண்ணுக்கும் வயிறு இருக்கிறது போல.
வாய்தான் இல்லை,
போதும் என்று சொல்ல.

மறுநாள் கைபேசியைக்
கையுறைப் பெட்டிக்குள் போட்டேன்.
ஒன்பது மணிக்கு ஒருமுறை எடுத்தேன்.
பதினொன்றுக்கு ஒருமுறை.
பொய் சொல்வானேன்,
பத்துக்கும்.

மூன்று வாரம் விடுப்பில் இருந்துவிட்டு
வந்தான் பியார்த்மார்.
"அன்றைக்குச் சொன்னாயே,
இன்னொரு தரம் சொல்" என்றேன்.
சொன்னான்.
அதே எண். அதே சொற்கள்.
ஆனால் தேங்கிக் கிடந்த பகடியில்
பனி ஏறிவிடுகிறது.
முப்பது வருடக் கை, எனக்குத் தெரியாதா.
சிரித்தேன்.
அவனும் சிரித்தான், என் மனம் நோகாமலிருக்க.

"பெயர்?"
"இன்னும் வைக்கவில்லை."

பெட்டிக்குள் கையுறைகளுக்கு அடியில்
ஏதோ உறுமியது.
தராசில் எண் ஆடி ஆடி
நிலைகொள்ளும்வரை
இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"அடுத்த தொட்டி" என்றான் அவன்.